பிக்கப் தொட்டியில் படுக்கை, அடுப்பு, மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிக்கப் வண்டியின் பின்தொட்டியைத் தங்கும் இடமாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் எந்த ஃப்ரிட்ஜ், எந்த பேட்டரி என்றுதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி எடை. அதனால் அதை முதலில் வைத்திருக்கிறோம்.

என்னுடையது டபுள் கேப் பிக்கப். ஃபைபர் கேனபி (தொட்டியை மேலே மூடும் கூடு), 18 மி.மீ. பிளைவுட்டில் கட்டில், இரும்புச் சட்டம், 60 லிட்டர் தண்ணீர், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைக்க ஆசாரியிடம் பேசிவிட்டேன். ஆர்.சி.யில் வெற்று எடை 2,020 கிலோ, மொத்த எடை 2,500 கிலோ. தாங்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

தாங்காது. ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுவோம்.

2,500-இல் 2,020 போனால் 480 கிலோ. வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை. ஆகவே இருவர் ஏறினால் 140 கிலோ போய், மிச்சம் 340. இனி நீங்கள் சொன்ன சாமான்கள்: கேனபி சுமார் 70. எட்டுக்கு நாலு அடி 18 மி.மீ. பிளைவுட் ஒரு தாள் ஏறக்குறைய 36 கிலோ. கட்டிலுக்கும் இழுப்பறைக்கும் மூன்று தாள் என்றால் 108. நாற்பதுக்கு நாற்பது, 2 மி.மீ. கனச் சதுரக் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ. 20 மீட்டருக்கு 48. தண்ணீர் தொட்டியோடு 65. டியூபுலர் பேட்டரி 58 அளவில். ஃப்ரிட்ஜும் உள்ளே இருப்பதும் 35. அடுப்பு, சிலிண்டர் 15. மெத்தை, துணி, ஜாக்கி, கருவிகள் 62. கூட்டினால் 461. உங்களுக்கு இருப்பது 340. 121 கிலோ அதிகம்.

இதைச் சரிசெய்ய எந்தச் சாமானையும் விட்டுவிட வேண்டியதில்லை, தடிமனையும் தண்ணீரையும் குறைத்து, பேட்டரியை மாற்றினால் போதும். கட்டில் பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளை ஒன்றரைத் தாள், இழுப்பறைக்கு 9 மி.மீ. ஒரு தாள்: 54 கிலோ. பலகைக்கு அடியில் 40 செ.மீ.க்கு ஒரு தாங்கி கொடுத்தால் 12 மி.மீ. தொய்யாது. ஆசாரிகள் 18 கேட்பது வீட்டு அலமாரிப் பழக்கத்தில். குழாயை இருபத்தைந்துக்கு இருபத்தைந்து, 2 மி.மீ. ஆக்கி 16 மீட்டரில் முடித்தால் 23. தண்ணீரை 30 லிட்டராகக் குறைத்துத் தொட்டியோடு 33. டியூபுலருக்குப் பதில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ. மற்றவை அப்படியே. மொத்தம் 304. கையில் 36 கிலோ மிஞ்சும். அதை நிரப்பாமல் விடுங்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் சமமான முக்கியம். உங்கள் வகை வண்டிகளில் முன்-பின் அச்சு இடைவெளி சுமார் 3.1 மீட்டர். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) ஓரத்தில், 60 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 60 அல்ல, 83. முன் அச்சிலிருந்து 23 கிலோ தூக்கப்பட்டுவிடும். ஸ்டீயரிங் லேசாகும், மழையில் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். ஆகவே தண்ணீரும் பேட்டரியும் கேபின் சுவரை ஒட்டி, தரையோடு. ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கலாம், அதை இழுத்துத் திறந்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் தண்ணீரும் டீசலும் நிரப்பி, ஆட்களும் ஏறி, ஊர் எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டி ஒரு முறை, முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறிய நிலையில் ஒரு முறை. கழித்தால் பின் அச்சு எடை வந்துவிடும். இந்த இரண்டு சீட்டையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் 200 கிலோ அதிகம் ஏற்றலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரிதானா?
— வாசகர், திண்டுக்கல்

சரியில்லை. கூடுதல் பட்டை வண்டியின் பின்பக்கம் தாழ்வதைத் தடுக்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், டயர், சேசிஸ் ஐந்தும் பழையவையே. வண்டி நேராக நிற்பதால் எடை அதிகமானது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அதுதான் இதில் ஆபத்து. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பட்டை உதவாது.

எப்போதும் ஏறியே இருக்கும் 250–300 கிலோவுக்கு, ஆர்.சி. எடைக்குள் இருந்துகொண்டு, சமநிலைக்காகப் பட்டை மாற்றினால் அது நியாயமான வேலை. அதோடு டயர் காற்றை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவுக்கு ஏற்றுங்கள், வெறும் வண்டி அளவில் ஓட்டாதீர்கள்.

தொட்டியில் இப்படிச் செய்தால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?
— வாசகர், ஓசூர்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதித்த எடைக்கு மேல் போனால் 194-ஆம் பிரிவு: 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000.

நடைமுறையில் எங்கள் ஆலோசனை இது: தொட்டியை வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், சேசிஸைத் தொடாதீர்கள். கட்டில், இழுப்பறை, பேட்டரிப் பெட்டி எல்லாம் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் கொக்கி இடங்களில் எம்8 போல்ட்டில் நிற்கட்டும். இரண்டு பேர் அரை மணியில் கழற்றி இறக்கிவிடும்படி இருந்தால் அது சரக்கு போன்றது. கேனபி அப்படியல்ல, உயரமும் தோற்றமும் மாறுகிறது. அதற்கு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. வண்டி ஓடும்போது தொட்டியில் ஆள் இருக்கவே கூடாது, கட்டில் எவ்வளவு வசதியாக இருந்தாலும்.

தொட்டி நீளம் ஐந்தடிதான். நான் ஐந்தடி பத்து அங்குலம். எப்படிப் படுப்பது?
— வாசகர், ஈரோடு

ஒருவர் மட்டும் என்றால் மூலைக்கு மூலையாகச் சாய்த்துப் படுங்கள். நீளம் 1.5, அகலம் 1.5 மீட்டர் என்றால் மூலைக்கு மூலை 2.1 மீட்டர். ஆனால் இந்த முழு அகலம் சக்கர வளைவுக்கு மேலேதான் கிடைக்கும். வளைவுகளுக்கு இடையில் பல வண்டிகளில் 1.1 மீட்டர்தான், நாலடிப் பிளைவுட் தாள் அப்படியே இறங்காது. அதனால் கட்டில் மட்டம் வளைவின் உச்சிக்கு ஒரு விரல் மேலே.

இருவர் என்றால் கட்டில் பலகையின் பின் 45 செ.மீ.யைத் தனித்துண்டாக்கி, நீளமான பியானோ கீல் வைத்து, இரவில் திறந்த டெயில்கேட் மேல் மடித்து விடுங்கள். கால் எடை மட்டும் அங்கே வரும்படி தலை கேபின் பக்கம் இருக்கட்டும். டெயில்கேட்டைத் தாங்கும் கம்பிகள் உட்காரவும் சாமான் வைக்கவும் செய்தவை, இரண்டு ஆள் ஒன்றாகக் குதித்து ஏறுவதற்கு அல்ல. திறந்த பகுதியைச் சுற்றிக் கேனபி கதவிலிருந்து தொங்கும் கொசுவலைத் திரை வேண்டும். அடி ஓரத்தில் சிறு சங்கிலி தைத்துவிட்டால் காற்றில் பறக்காது.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். தொட்டித் தரையிலிருந்து கேனபி கூரை 95 செ.மீ. என்று வையுங்கள். கட்டில் 28, மெத்தை 6 போனால் 61 மிஞ்சும். நிமிர்ந்து உட்கார ஏறக்குறைய 90 வேண்டும். வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தையை விரித்து, ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். புரள முடிகிறதா, இரவில் ஒருவரை எழுப்பாமல் மற்றவர் இறங்க முடிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேனபி மாட்டி ரப்பரும் ஒட்டிவிட்டேன். ஆனாலும் மண் ரோட்டில் போய் வந்தால் மெத்தையெல்லாம் புழுதி. எங்கிருந்து வருகிறது? உப்புக்காற்றில் துருவும் பிடிக்கிறது.
— வாசகர், தூத்துக்குடி

புழுதி டெயில்கேட் வழியாக வருகிறது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, சக்கரம் கிளப்பிய புழுதி அந்த இடத்தில் சுழல்கிறது. கேனபிக்குள் காற்று வெளியேற ஏதாவது ஒரு இடுக்கு இருந்தால் இன்னொரு இடுக்கு வழியாகப் புழுதிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நீங்கள் கேனபிக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே ரப்பர் ஒட்டியிருப்பீர்கள். டெயில்கேட்டின் அடி ஓரமும் இரண்டு கீழ் மூலைகளும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும், கம்பெனியே அங்கே ரப்பர் தருவதில்லை.

சோதிப்பது எளிது. இரவில் ஒருவர் உள்ளே பிரகாசமான விளக்கோடு உட்கார, மற்றவர் வெளியே சுற்றி வந்து வெளிச்சம் கசியும் இடங்களைச் சாக்பீஸால் குறிக்கட்டும். ரப்பர் ஒட்டிய பிறகு அதன் முகட்டில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறந்தால், எதிர்ப்பக்கத் தகரத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் ரப்பர் தொடவில்லை என்று பொருள்.

உள்ளே பொள்ளலாக இருக்கும் இ.பி.டி.எம். ரப்பர் வாங்குங்கள், பஞ்சு ஒட்டுநாடா ஒரு மழைக்காலம் தாங்காது. இடுக்கு 8 மி.மீ. என்றால் 12 மி.மீ. குமிழ் சரி, மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். அதைவிடத் தடிமன் போட்டால் பூட்டு கொக்கி இழுத்து வளையும். கீழ் மூலைகளில் ரப்பரை வெட்டி ஒட்டாமல் வளைத்துக் கொண்டுபோங்கள். அடைத்த பிறகும் கொஞ்சம் வந்தால், கேனபி கூரையின் முன்பக்கம் வண்டி போகும் திசை பார்த்த சிறு காற்றுத் திறப்பு வையுங்கள். ஓடும்போது அது உள்ளே காற்றைத் தள்ளி அழுத்தத்தைக் கூட்டும், புழுதி நுழையாது. மழையில் மூடும் தகடு அதற்கு அவசியம்.

துருவுக்கு வருவோம். துளை போட்ட இடத்தில் என்ன பூசினீர்கள் என்பதுதான் கேள்வி. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகான் பலவற்றைப் பிதுக்கும்போது காடி வாசனை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். வெறும் இரும்பின் மேல் அதைப் பூசினால் பூசிய இடத்திலேயே துரு தொடங்கும், மேலே பளபளப்பாக இருப்பதால் ஒரு வருடம் தெரியாது. துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து போல்ட் போடுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகத் தொட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், நடுவில் நைலான் வாஷர் வேண்டும். தொட்டித் தரையின் வடிகால் துளைகளை ரப்பர் பாய் அடைத்திருக்கிறதா என்றும் தூக்கிப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, செல்போன் இவ்வளவுதான் தேவை. வண்டி பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துவிடலாமா? ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுவிடுகிறது.
— வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தனி பேட்டரி வையுங்கள்.

ஒரு நாள் செலவு: 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 50 வாட், நம் வெயிலில் பாதி நேரம் ஓடும், 24 மணிக்கு 600 வாட்-அவர். 25 வாட் விசிறி எட்டு மணி 200. விளக்கும் செல்போனும் 100. ஆக 900. நூறு ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும், 80 சதவீதம் எடுத்தால் 1,024. ஒரு நாள் முழுதாக வரும். கூரையில் 200 வாட் சோலார் படுக்கையாக வைத்தால் நல்ல வெயில் நாளில் 550–600 திரும்பும். நிழலில் நிறுத்தினால் இது பெரிதும் குறையும், அதனால் ஓடும்போது சார்ஜ் ஏறும் ஏற்பாடும் தேவை.

அதை நேரடி ஒயரிலோ ரிலேயிலோ செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி கேட்ட அளவு மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை வேண்டியபோது குறைத்தும் விடுகிறது. நடுவில், மின்னோட்டத்தை அளவோடு தரும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். மூன்று மணி நேர ஓட்டத்தில் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும்.

ஒயர் கனம்: 30 ஆம்பியர் வெளியே வர, உள்ளே 36 ஆம்பியர் போகும். இன்ஜின் அறையிலிருந்து தொட்டிக்கு 6 மீட்டர், போக வர 12. பத்து சதுர மி.மீ. செம்பு ஒயரில் முக்கால் வோல்ட் வழியிலேயே வீணாகும், 16-இல் அரை வோல்ட்டுக்குக் கீழ் நிற்கும். 16 போடுங்கள், மெல்லிய இழைகள் கொண்ட ஒயராக, வீட்டுக் கம்பி ஒயர் அதிர்வில் ஒடியும். எர்த்தைத் தொட்டித் தகரத்தில் எடுக்காமல் தனி ஒயராகக் கொண்டுவாருங்கள். இரு முனையிலும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 60 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு முனையில் மட்டும் போட்டால், ஒயர் உரசி அறுந்தால் மறுமுனைப் பேட்டரி தீ மூட்டும். சைலன்சரிலிருந்து தள்ளி, சுருள் குழாய்க்குள் சேசிஸை ஒட்டிக் கட்டுங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜ் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட். மெல்லிய ஒயர், தளர்ந்த பின். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் விழும், ஃப்ரிட்ஜின் பேட்டரிக் காப்பு அதை வெட்டிவிடும். 4 சதுர மி.மீ. ஒயரில் தனி இணைப்பு, 15 ஆம்பியர் ஃபியூஸ், திருகிப் பூட்டும் பிளக். கம்ப்ரஸர் சல்லடைப் பக்கம் ஐந்து செ.மீ. இடம் விடுங்கள். மெத்தைக்கும் துணிப்பைக்கும் நடுவே இடுக்கி வைத்த ஃப்ரிட்ஜ் ஓய்வே இல்லாமல் ஓடும்.

இண்டக்‌ஷன் அடுப்பு கேட்பவர்களுக்கு: 1,200 வாட் அடுப்பு இன்வர்ட்டர் வழியாக 110 ஆம்பியர் இழுக்கும். நூறு ஆம்பியர்-அவர் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் அதை அனுமதிக்காது.

இழுப்பறைக்குள் ஐந்து கிலோ சிலிண்டர் வைத்து அடுப்புக்குக் குழாய் கொடுக்கலாமா? மலையில் குளிருக்கு உள்ளேயே ஏதாவது மூட்டிக்கொள்ளலாமா?
— வாசகி, மதுரை

முதல் பாதிக்கு நிபந்தனையோடு ஆம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தொட்டியின் தரையில் தேங்கும், ஃப்ரிட்ஜின் ஒரு பொறி போதும். சிலிண்டருக்கு மற்ற சாமான்களிலிருந்து முழுதாகப் பிரிந்த தனி அறை வேண்டும், அதன் அடித்தளத்தில் வெளியே இறங்கும் இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு அங்குலம், சைலன்சர் பக்கம் பார்க்காமல். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும், இரண்டு பட்டைகளால் கட்டியிருக்க வேண்டும். குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். வண்டி கிளம்புமுன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அடுப்பை டெயில்கேட்டில், வெளியே வைத்துச் சமையுங்கள். சிறிய பியூட்டேன் டப்பா அடுப்பு வைத்திருப்பவர்கள் மே மாத வெயிலில் டப்பாவை மூடிய வண்டிக்குள் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது பாதிக்கு இல்லை, எந்த நிபந்தனையோடும் இல்லை. அடுப்புக்கரியும் கணப்புச் சட்டியும் புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு வெளியிடும். நிறமில்லை, மணமில்லை, தூங்குபவர் எழுவதில்லை. எரிந்து முடிந்த தணலைக்கூட உள்ளே கொண்டுவராதீர்கள். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்து. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கனமான ரஜாயும், மெத்தைக்கு அடியில் 10 மி.மீ. நுரைப்பாயும் போதும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்தால் இருவரின் மூச்சிலிருந்து விடியும்முன் அரை லிட்டருக்கு மேல் நீர் கூரையில் வியர்த்து மெத்தையில் சொட்டும். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் ஒரு விரல் அளவாவது திறந்திருக்கட்டும்.

கனடாவில் இருக்கிறோம். பிக்கப்பில் அப்படியே இறக்கி வைக்கும் ரெடிமேட் கேம்பர் வாங்கப் பார்க்கிறோம். அதன் எடை 1,200 பவுண்டு, எங்கள் வண்டிக் கதவுச் சட்டத்தில் 1,500 பவுண்டு என்று ஒட்டியிருக்கிறது. போதும்தானே?
— வாசகர், ஸ்கார்பரோ

போதாது. விளம்பரத்தாளில் வருவது பெரும்பாலும் காய்ந்த எடை, அதாவது தண்ணீர், எரிவாயு, சாமான் எதுவும் ஏற்றாத எடை. 20 அமெரிக்க கேலன் தண்ணீர் 167 பவுண்டு. நிரப்பிய புரொப்பேன் சிலிண்டர் 37. நீங்கள் இருவர் 320 என்று வைத்தால் மொத்தம் 1,724, இன்னும் பேட்டரியும் சாமானும் ஏறவில்லை. கதவுச் சட்டத்தில் உள்ள அளவு ஆட்களையும் சேர்த்ததுதான். இன்னும் இலகுவான கேம்பரைப் பாருங்கள், இல்லையென்றால் கனமான ரக வண்டி.

வாங்கும்போது கேம்பரின் எடை மையம் எங்கே என்று குறித்திருப்பதைப் பாருங்கள். அது உங்கள் வண்டியின் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். கட்டும் இறுக்கிகளை முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தித் திரும்ப இறுக்குங்கள், கேம்பர் அமர்ந்ததும் அவை தளரும். பனிக்காலம் வருமுன் குழாய்களை வடித்து, கேம்பருக்கென விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஓடவிடுங்கள், கார் ரேடியேட்டரில் ஊற்றுவது நஞ்சு. லித்தியம் பேட்டரியைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். குளிரில் சார்ஜை நிறுத்தும் காப்போ, சூடேற்றும் தகடோ உள்ள பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள்.